எல்லைகளுக்குள் மனரம்மியமாக வாழ: ஒரு கிறிஸ்தவ வழிகாட்டி

பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பென்சில் பெட்டியிலும் புது வண்டியின் பின்கண்ணாடியிலும் ஒரே வசனத்தைப் பார்க்கலாம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தின இரண்டு வசனங்களை ஒட்டிய வண்டியை நான் பார்த்ததில்லை. அங்கே அந்தக் கடிதத்தை எழுதின அப்போஸ்தலன் பவுல் சொல்வது வேறு: தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாகச் சாப்பிடவும் பட்டினி கிடக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். ஆக, அவர் சொல்லும் "எல்லாவற்றிலும்" பட்டினியும் அடக்கம். இதை எழுதும்போது அவர் காவலில் இருந்தார். கதவு திறந்ததைப் பற்றிய வசனம் அல்ல இது, மூடிய கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு எழுதிய வசனம்.

அதே பகுதியில் இன்னொன்றும் சொல்கிறார்: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மனரம்மியம் என்றால் மனநிறைவு. பிறவியிலேயே சாந்தமான மனுஷனாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க வேண்டாம். அவர் சாந்தமானவரும் இல்லை, கலாத்தியருக்கு அவர் எழுதின கடிதத்தைப் படித்தவர்களுக்கு அது தெரியும். ஊழியத்தில் பல வருஷம் அடிபட்ட பிறகு கைவந்த விஷயம் இது. கற்றுக்கொள்ளக் கூடியது என்றால், படிப்படியாகப் பழகவும் முடியும்.

இந்த வழிகாட்டி யாருக்கென்றால், எவ்வளவு ஜெபித்தும் நகராத ஒரு எல்லையோடு வாழ்கிறவர்களுக்கு. தீராத நோய், பிறக்காத குழந்தை, நாற்பது தாண்டியும் அமையாத கல்யாணம், ஏறாத சம்பளம், படுக்கையில் கிடக்கும் பெற்றோரை விட்டு நகர முடியாத நிலை. வழக்கமாக நமக்குச் சொல்லப்படும் ஆலோசனை "ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாம் சரியாகிடும்" என்பதில் ஆரம்பிக்கும். நான் அங்கே ஆரம்பிக்கப் போவதில்லை. நன்றி சொல்வது பின்னால் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அந்த வேலையைத் தாண்டிக் குதிப்பதால்தான் பலருக்கு மனநிறைவு ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை.

படி 1: குறையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வேண்டாம், அடுத்த நிமிஷம் ஏதாவது செய்தி வந்து கவனத்தை இழுத்துவிடும். "என் வாழ்க்கையே இப்படித்தான்" என்ற மாதிரி எழுதக் கூடாது. அப்படி எழுதினால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எது, எவ்வளவு, எப்போது என்று எழுத வேண்டும்.

ஒரு உதாரணத்துக்கு, 48 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டவர். அவருடைய பக்கம் இப்படி இருக்கலாம்:

அத்தையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே போக முடியவில்லை.
மாசக் கடைசி வாரம் கையைக் கடிக்கிறது.
நாத்தனார் மாசத்துக்கு ஒரு தடவை வந்து, "அம்மா மெலிஞ்சிட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.
முட்டிவலி. மாடியில் துணி காயப்போட முடியவில்லை.
என்னோடு வேலை பார்த்த டீச்சர் இப்போது ஹெச்.எம்.

இவ்வளவுதான். ஐந்து வரி. "என் தலையெழுத்து" என்று இத்தனை நாள் சுமந்தது, எழுதிப் பார்த்தால் ஐந்து வரிதான். வரி குறைவு என்பதால் பாரம் குறைவு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஐந்தும் ஒரே மாதிரியான குறைகள் இல்லை என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

வயலில் நடப்பவருக்கு எது வரப்பு, எது பக்கத்து நிலத்துக்காரர் ராத்திரியில் நகர்த்தி வைத்த கல், எது வெறும் நிழல் என்று தெரிந்திருக்க வேண்டும். அதே போலத்தான் இது. நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி: என் கையிலும் இல்லை, வேறு மனுஷர் கையிலும் இல்லை, கர்த்தர் கையில் இருக்கிறது. இரண்டாவது: மனுஷர் வைத்த எல்லை. மூன்றாவது: நானே எனக்குப் போட்டுக்கொண்டது.

மாமியாரின் பக்கவாதம் முதல் பத்தி. ஹெச்.எம். ஆன தோழி மூன்றாவது பத்தி. அந்தம்மாவின் பதவி உயர்வால் இவருடைய சாப்பாட்டிலோ தூக்கத்திலோ எதுவும் குறையவில்லை. முட்டிவலி எங்கே போகும்? முதல் பத்தி என்று எழுதத் தோன்றும். டாக்டரிடம் காட்டாத வரைக்கும் அது முதல் பத்தி ஆகாது. கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

நாத்தனார் விஷயம் இரண்டாவது பத்தி. மகளும் மகனும் பங்கிட வேண்டிய பாரத்தை மருமகள் ஒருத்தியே சுமக்கிறார். இதை "ஆண்டவர் எனக்குக் கொடுத்த சிலுவை" என்று சொல்லி ஏற்றுக்கொள்வது பக்தி மாதிரி தோன்றும். பக்தி இல்லை. கணவர் போன் பண்ணி, "அக்கா, மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நீ வந்து அம்மாகூட இரு, இவ கோயிலுக்குப் போயிட்டு வரட்டும்" என்று சொல்ல வேண்டிய விஷயம் அது. சொல்லிப் பார்த்த பிறகுதான் மற்றது.

இந்த இரண்டாவது பத்தியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் சபைகளில் மனநிறைவைப் பற்றிய போதனை அதிகமாகத் தவறாகப் போகிற இடம் இதுதான். எண்ணாகமம் 27-ல் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள்: மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதால் அவர் பங்கு நிலம் கைவிட்டுப் போகப் பார்க்கிறது. மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று, எங்களுக்கும் காணி வேண்டும் என்று கேட்கிறார்கள். "இருப்பது போதும் என்று இருங்கள், பெண்களே" என்று கர்த்தர் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது சரியே என்று சொல்லி, சட்டத்தையே மாற்றிக் கொடுக்கிறார்.

பவுலும் அப்படித்தான். மனரம்மியத்தைப் பற்றிய கடிதம் போனது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பி பட்டணத்தில் பல வருஷத்துக்கு முன்னால் அவரை விசாரிக்காமலே அடித்து, சிறையில் போட்டு, மறுநாள் காலையில் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். அந்தச் சிறையில் நடு ராத்திரி பாட்டுப் பாடியதும் இதே மனுஷன்தான். பாடினதும் கேட்டதும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே பார்க்கலாம். தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடி வாங்கினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதற்குப் பெயர். 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து அறிவிப்பு வெளியிட்டது. "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்ற வசனத்தை அந்தப் பெண்களிடம் போய் யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் அது எவ்வளவு பெரிய பாவமாக இருந்திருக்கும்!

ஆகையால் சாதியின் பெயரால் தள்ளிவைப்பது, கூலியைப் பிடித்துக்கொள்வது, சொத்தில் மகளுக்குப் பங்கு இல்லை என்பது, புருஷன் கைநீட்டுவது, இவையெல்லாம் மனநிறைவோடு ஏற்றுக்கொள்ள வேண்டிய எல்லைகள் அல்ல. வீட்டில் அடி உதை இருக்கிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு, பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள். "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்கிறவர் பாஸ்டராக இருந்தாலும் சரி, அந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

படி 3: முதல் பத்தியை வைத்து அழுங்கள்

மாறாதது என்று தெரிந்த உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வேதம் எங்கும் அவசரப்படுத்தவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கெத்செமனேயில் இயேசுவும் அதே வார்த்தைகளை மூன்றாம் தரமும் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் பவுலுக்கு வந்தது கேட்ட பிறகுதான். கேட்காமலே அந்தப் பதிலைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவில்லை அவர்.

சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று ஆரம்பித்து, கடைசியில் பாட்டாக முடிகிறது. 88-ம் சங்கீதமோ இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, ஒரு துதி வார்த்தை கூடக் கடைசியில் இல்லை. அதையும் சபையில் பாடுவதற்காகத்தான் எழுதி வைத்தார்கள். அன்னாளைப் பாருங்கள். பிள்ளை இல்லாத துக்கத்தில் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்தவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார் ஆசாரியன் ஏலி. ஆலயத்தில் அழுகிறவர்களைத் தப்பாக எடுத்துக்கொள்வது அன்றைக்கே இருந்திருக்கிறது.

அப்படியானால் எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரை மட்டும் கர்த்தர் ஏன் கோபித்தார்? அவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து, நம்மைக் கொல்லத்தான் கூட்டி வந்தார் என்றார்கள். சங்கீதக்காரனோ அதைவிடக் கடுமையாகக் கேட்கிறான், ஆனால் கர்த்தருடைய முகத்தைப் பார்த்தே கேட்கிறான். வித்தியாசம் அதுதான்.

செய்ய வேண்டியது: முதல் பத்தியில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புலம்பல் எழுதுங்கள். நான்கைந்து வரி போதும். "ஆண்டவரே, எனக்கு இது வேண்டும், நீர் தரவில்லை, எனக்கு வலிக்கிறது" என்று நேராக எழுதுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சத்தமாக வாசியுங்கள். எத்தனை நாள் என்று கணக்கு வேண்டாம். பிள்ளை இழந்தவருக்கும் வேலை இழந்தவருக்கும் ஒரே அளவு துக்கம் இருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். வார்த்தை என்னவோ போதும்தான், ஆனால் அது மனநிறைவு இல்லை, முழுக்கச் சோர்ந்துபோன மனுஷனின் குரல். கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்ற நிலையில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு இப்போது வேண்டியது டாக்டர். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை.

படி 4: மூன்றாவது பத்தியை அடித்துவிடுங்கள்

மூன்றாவது பத்தியில் இருப்பவை பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்தவை. உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு பேதுருவிடம் அவர் எப்படி மரிப்பார் என்பதைச் சொல்கிறார். பேதுரு உடனே திரும்பிப் பார்க்கிறார், பின்னால் யோவான் வருகிறார். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று கேட்கிறார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பது பதில். இவ்வளவு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இயேசு பேசிய இடங்கள் குறைவு.

யாருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தால் உங்களுக்கு வயிறெரிகிறது? அந்த இரண்டு மூன்று பேர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை மியூட் பண்ணுங்கள். அதோடு விட்டுவிடாமல், அவர்கள் பெயரைச் சொல்லி அவர்களுடைய நன்மைக்காகத் தினமும் ஜெபியுங்கள். முதல் வாரம் வாய் கூசும். சொல்லிக்கொண்டே இருங்கள்.

சபையிலும் இந்த நோய் உண்டு. சாட்சி நேரத்தில் கார் வாங்கினவர், மகனுக்கு கனடா விசா கிடைத்தவர், வீடு கட்டி முடித்தவர் எழுந்திருப்பார்கள். "இந்த வருஷமும் ஆண்டவர் சுகம் தரவில்லை, ஆனாலும் என்னோடு இருந்தார்" என்று யாராவது எழுந்து சொன்னால் கூட்டம் ஒரு மாதிரி பார்க்கும். சபையை நடத்துகிறவர்கள் இதை மாற்றலாம்: அப்படிப்பட்ட ஒருவரை மாசத்துக்கு ஒரு தடவையாவது அழைத்துப் பேசச் சொல்லுங்கள். தேவபக்தியை ஆதாயத்தொழில் என்று எண்ணுகிறவர்களைப் பற்றி எச்சரித்த கையோடுதான் பவுல் "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். மேடையில் இரண்டாவது வசனம் மட்டும் வாசிக்கப்படுகிறது.

படி 5: "போதும்" எவ்வளவு என்று முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள்

பண விஷயத்தில் மனநிறைவுக்கு ஒரு தொகை வேண்டும். தொகை இல்லாத மனநிறைவு கடைக்குள் கால் வைத்ததும் காணாமல் போய்விடும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் தினமும் கொடுத்த உணவான மன்னாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். அதிகமாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதும் கர்த்தர்தான், அது நாறவில்லை. அதனால் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற வசனத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருப்பதை நான் விசுவாசம் என்று சொல்ல மாட்டேன். யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேர்த்து வைத்தார். தேவைக்குச் சேர்ப்பது வேறு, பயத்தில் சேர்ப்பது வேறு.

நீதிமொழிகள் 30-ல் ஆகூர் என்பவரின் ஜெபம் இருக்கிறது: தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை அளந்து கொடும். காரணமும் சொல்கிறார். அதிகம் இருந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், ஒன்றும் இல்லாவிட்டால் திருடிவிடுவேன். தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவு உள்ளவர்தான் அளவைக் கேட்க முடியும்.

கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டு வாடகை அல்லது தவணை சம்பளத்தில் எவ்வளவு வரை போகலாம்? போனுக்கு அதிகபட்சம் எவ்வளவு? மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேரை அழைப்போம்? மண்டபத்தைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் மண்டபம்தான் தொகையைத் தீர்மானிக்கும். எழுதின தொகைக்கு மேல் எது வாங்க வேண்டுமென்றாலும் ஒரு சம்பளத் தேதி தாண்டட்டும். அதற்குப் பிறகும் வேண்டும் போலிருந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது என்னிடம் இருப்பது வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்கு இது வேண்டுமா? பாதி நகையும் முக்கால்வாசி போனும் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

அரைவயிறு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் படி இல்லை. அவர்களுடைய குறை இரண்டாவது பத்தியைச் சேர்ந்தது. "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு எதுவும் கொடுக்காமல் அனுப்புகிறவனைப் பற்றி, அதனால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கிறார்.

படி 6: எல்லைக்கு உள்ளே வேலையை ஆரம்பியுங்கள்

புது வருஷ ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது பலருக்கும் கிடைப்பது எரேமியா 29:11, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுக்கு வந்த கட்டளை: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். காத்திருக்கிற இடத்தில் மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இளம் டாக்டராக இருந்தவர், கொச்சிக்காரர். 1954-ல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அறுவை சிகிச்சை செய்ய விரும்பின ஒரு டாக்டருக்கு இனி நிற்க முடியாது என்றால் என்ன மிச்சம்? அப்போது அங்கே பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைகளை நடத்திக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அதைக் கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பித்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பி அந்தத் துறையை வளர்த்தார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1966-ல் வேலூரில் ஆரம்பமானது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதைச் சொல்லும்போது "பார், அவருக்கு விபத்து நடந்ததே நல்லதுக்குத்தான்" என்று முடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விபத்து விபத்துதான், கால் போனது போனதுதான். நான் கவனிப்பது வேறு: என்ன போய்விட்டது என்பதோடு நிற்காமல், என்ன மிச்சம் இருக்கிறது, அதை வைத்து எந்த வேலையைச் செய்ய முடியும் என்று மிகச் சாதாரணமான ஒரு கேள்வி கேட்கப்பட்டது. உட்கார முடியும், கைகள் நன்றாக இருக்கின்றன. அங்கிருந்து ஆரம்பித்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவுக்கும் இது நடந்தது. 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்ததில் அடிபட்டார், 1951-ல் சாகும் வரை பெரும்பாலும் அறையை விட்டு நகர முடியவில்லை. அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். வலி மட்டும் கடைசிவரை போகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதல் பத்தியின் ஒவ்வொரு வரிக்கும் எதிரில், "இதற்குள் இன்னும் முடிவது" என்று ஒரு வரி எழுதுங்கள். நம் உதாரணப் பெண்ணால் வெளியே போக முடியாது, ஆனால் அவர் டீச்சர். சாயங்காலம் தெருப்பிள்ளைகள் நாலு பேர் அந்த வீட்டுத் திண்ணைக்கு வந்து கணக்குப் போடலாம், அத்தையின் கட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் பேச்சுத்துணை. பெரிய ஊழியம் ஆரம்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 131-ம் சங்கீதத்தில் தாவீது, பெரிய காரியங்களிலும் தனக்கு மிஞ்சின கருமங்களிலும் தலையிடுவதில்லை என்று சொல்வது ஒரு ராஜாவின் வாயிலிருந்து வருகிறது.

படி 7: இப்போது நன்றி சொல்லுங்கள்

முந்தின ஆறு படியும் செய்தவர்களுக்கு இது சுலபம். படுக்கப் போகும் முன் மூன்று விஷயம், அன்றைக்கு நடந்தவை மட்டும். "சுகம் பெலன் தந்தீர்" என்ற பொதுவான ஸ்தோத்திரம் வேண்டாம். "மத்தியானம் அத்தை தானாகவே டம்ளரைப் பிடித்தார்" என்ற மாதிரி இருக்கட்டும். அப்புறம் தூங்குங்கள். தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்கிறது 127-ம் சங்கீதம். முடியாத வேலையை மறுநாளைக்கு விட்டுவிட்டுப் படுப்பதும் எல்லையை ஒத்துக்கொள்வதுதான்.

படி 8: கொஞ்சத்திலிருந்து கொடுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, அதைச் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஏழை வீட்டுப் பெண்களும் கொடுத்தார்கள். நாள்தோறும் "எங்களுக்குப் போக ஒரு பிடி இருக்கிறது" என்று கை சொல்லிப் பழகுகிறது. மனசுக்குச் சொல்லித் தருவதைவிடக் கைக்குச் சொல்லித் தருவது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிலிப்பி சபையும் பணக்காரச் சபை இல்லை. மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே உதாரத்துவமாகக் கொடுத்தன என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல், பிலிப்பி அந்த நாட்டில்தான் இருக்கிறது. அவர்கள் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியதை வாங்கிக்கொண்டுதான் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்றே எழுதினார். அதனால் உங்களுக்கு உதவி வரும்போது வேண்டாம் என்று கௌரவம் பார்க்காதீர்கள். வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மனசு திரும்பி வரும்போது

வரும். கல்யாண வீடுகள், பழைய மாணவர் சந்திப்பு, தீராத நோய்க்காரருக்கு ஒவ்வொரு புது ரிப்போர்ட் வரும் நாள். அப்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. மூன்றாவது படிக்கு மட்டும் போங்கள், புலம்பலை மறுபடியும் வாசியுங்கள். பெரும்பாலும் அதுதான் தீராமல் கிடக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் என்று வைத்துக்கொள்ளலாம், பழைய நோட்டை எடுத்து மூன்று பத்தியையும் புதிதாகப் பிரியுங்கள். வரிகள் இடம் மாறியிருக்கும். முதல் பத்தியில் எழுதின நோய்க்கு இப்போது புது சிகிச்சை வந்திருக்கலாம், அப்படியானால் அது அங்கே இருக்கக் கூடாது. இரண்டாவது பத்தியில் சண்டை போட்ட விஷயம் ஒன்று கோர்ட்டில் தோற்றுப்போய் முதல் பத்திக்கு வரலாம், அதற்கு ஒரு புலம்பல் எழுத வேண்டியிருக்கும். முட்டிவலிக்குப் போட்ட கேள்விக்குறி இன்னும் அப்படியே இருந்தால், அந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள்.